நெடுஞ்சாலையில் ஒரு காதுகுத்து

ஜூன் 9, ஞாயிறு. பீனிக்ஸ்

வெயில் நாற்பத்து நாலு டிகிரி. ராஜபாளையத்துக்காரன் வெயிலைப் பற்றி வாய் திறக்கக் கூடாதுதான். ஆனால் இது செங்கல் சூளைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த மாதிரி இருக்கிறது.

காலையில் பாத்திரம் கழுவினேன். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளி வைத்தேன். அம்முவுக்குத் தலை சீவிவிட்டேன். ஊரில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத ஆள் நான். என் மனைவி கோமதி இதைக் கேள்விப்பட்டால், ஊர் திரும்பியதும் எனக்கு வேலை நிச்சயம்.

பெயிண்ட், சானிட்டரிக் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு, தங்கை சுடர்க்கொடிக்குத் துணையாக அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை முகுந்தன் பிரிந்து போய் ஒன்றரை வருடம். எல் பாசோ என்ற ஊரில் இருக்கிறார். அம்மு என்கிற மகள் அமுதினி யாரிடம் வளர வேண்டும் என்று ஜூலைக் கடைசியில் கோர்ட் சொல்லும். அதுவரை பள்ளிக்கூட நாளெல்லாம் அம்மாவிடம், கோடை விடுமுறை முழுக்க அப்பாவிடம். வருகிற ஞாயிறு அம்முவைக் கொண்டுபோய் விட வேண்டும். ஏழு மணி நேரப் பாதையை சுடர் ஐந்து நாளாக இழுத்திருக்கிறாள். வழியில் இருக்கிற வேடிக்கை எல்லாம் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமாம்.

வக்கீலம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வரைக்கும் பிள்ளை விஷயத்தில் அப்பாவைக் கேட்காமல் புதிதாக எதுவும் செய்யக் கூடாது. முடி வெட்டுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான்.

எனக்கு வேறு கவலை. ஜூலை இரண்டாம் தேதி அம்முவுக்கு ஐந்து முடிகிறது, இன்னும் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒரு வயதில் கைப்பிள்ளையோடு விமானம் வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. மூன்றில் கொரோனா. இப்போது கேட்டால், அவளுக்கே விவரம் தெரிந்த பிறகு அவள் விருப்பப்படி குத்திக்கொள்ளட்டும் என்கிறார். இதை விட்டால் ஏழு வயது. ஏழு வயதில் அவள் யார் வீட்டில் இருப்பாளோ!

ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. பிழைக்கட்டும், என் மடியில் உட்கார வைத்து என் கையால் தங்கம் போடுகிறேன் என்று எங்கள் ஐயனாரிடம் வேண்டிக்கொண்டவன் நான். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன். கம்மல் ஒரு ஜோடி ஊரிலேயே செய்து சவரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

சுடரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"இப்ப வேண்டாம்ணே. இதுல மட்டும் தலையிடாத."

சரி என்றேன்.

ஜூன் 12, புதன். ஏதோ ஒரு மோட்டல்

சாலையோரம் நாற்பதடி உயரத்துக்கு ஒரு சிவப்பு மிளகாய் நிற்கிறது. உலகிலேயே பெரிய மிளகாய் என்று போர்டு. யார் போய் அளந்தார்கள் என்று தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன், ஃபைபர். பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், தெற்குப் பக்கம் பூராவும் செதில் செதிலாக உரிகிறது. என் கடையில் வாங்கியிருந்தால் இப்படி ஆக விட்டிருப்பேனா?

"மாமா, இது ஸ்பைசியா இருக்குமா?" என்றாள் அம்மு.

"நக்கிப் பாரு."

நக்கியேவிட்டாள். சுடர் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

அடுத்து ஒரு ராட்சத நாற்காலி. அதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும். அதற்கடுத்து தவளை மாதிரி இருக்கிற பாறை. அதற்கு வாயும் கண்ணும் வரைந்து, பக்கத்தில் தேன் விற்கிறார்கள். காலையில் கிளம்பியவர்கள் பொழுது சாயும்வரை நூறு மைல் தாண்டவில்லை. "இந்தத் தவளைய பாக்கவா பெட்ரோல் போட்டோம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். சுடர் பிள்ளையைத் தவளை மேல் உட்கார வைத்துப் படம் எடுத்தாள். நின்று ஒன்று, படுத்து ஒன்று, முகம் மட்டும் ஒன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓடினால் எல் பாசோ வந்துவிடும். அதனால்தான் நிறுத்தி நிறுத்திப் போகிறாள்.

அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஒரு பெரியவர் தன் வீட்டைச் சுற்றிப் பழைய கக்கூஸ் கோப்பைகளாக நட்டு, ஒவ்வொன்றிலும் கள்ளி வளர்க்கிறார். பார்க்க ஆள் வருகிறது! இருபது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன், உடைந்த கோப்பையைத் தூக்கிப் போட வண்டிக்கு நான்தான் காசு கொடுத்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் பாஷை ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு கோப்பையின் அடியில் வளைகிற குழாயைக் காட்டி "எஸ் டிராப்" என்றேன், அவர் அடுத்ததைக் காட்டி "பி டிராப்" என்றார். கை கொடுத்துக்கொண்டோம். இந்த நாட்டில் என்னை மதித்துப் பேசிய முதல் மனிதர்.

அம்மு கள்ளிக்கு எல்லாம் பெயர் வைத்துக்கொண்டு ஓடினாள். நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். சுடர் தின்னவில்லை, கிளறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்கிட்ட கொடுப்பாங்களா?"

"பெத்தவகிட்ட கொடுக்காம வேற யாருகிட்ட கொடுப்பாக?"

"அவரும் பெத்தவருதான. நான் ஒரு தப்பும் பண்ணாம இருந்தா போதும்னு வக்கீல் சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு, தப்பு பண்ணாம."

"நீ என்னைக்குத் தாயி தப்புப் பண்ணியிருக்க?" என்றேன். கோர்ட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்த தைரியத்தைச் சொன்னேன்.

சாயங்காலம் கோமதி போன் செய்தாள். "என்னாச்சு, குத்தியாச்சா? உங்க சித்தி கேட்டுக்கிட்டே இருக்காக. ஆளத்தான் அமெரிக்காவுக்கு அனுப்புனோம், ஒரு காது குத்த முடியலையான்னு சிரிக்காக." சீக்கிரம் ஆகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

நேற்றிலிருந்தே வழிநெடுக மஞ்சள் போர்டு. 'அது என்ன?' அடுத்தது, 'அதைப் பார்த்தீர்களா?' அதற்கடுத்து, 'அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. இன்னும் முப்பது மைல்.' அம்முவால் சீட்டில் உட்கார முடியவில்லை. "மாமா, அது டிராகனா? அது அழுமா?" என்று கேட்டுக் கேட்டு என்னையும் அரித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆவல்தான்.

தகரக் கொட்டகை. முன்னால் சாமான் கடை, பின்னால் 'அது'. கடைக்குள் போனில் சிக்னல் இல்லை. வக்கீலம்மாவோடு பேச வேண்டும் என்று சுடர் ரோட்டுப் பக்கம் போய்விட்டாள். நானும் அம்முவும் உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் குரங்குத் தலையையும் மீன் வாலையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். தையல் வெளியே தெரிகிறது. இதற்கு ஐம்பது போர்டு!

"அதோட அம்மா எங்க?" என்றாள் அம்மு.

திரும்பி வரும்போது கடை மூலையில் பார்த்தேன். நீலக்கல் கம்மல் வாங்கினால் காது குத்துவது இலவசம் என்று காதுப் படம் போட்டு எழுதியிருந்தது. ஒரு உயரமான நாற்காலி. ஒரு அம்மாள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான்.

நான் தேடிப் போகவில்லை. எங்கள் ஊரிலிருந்து இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, இந்தப் பொட்டல் காட்டில், வெள்ளிக்கிழமை அதுவாக வந்து முன்னால் நிற்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நல்ல நேரம்கூடப் பார்க்கவில்லை. தாய்மாமன் மடி இருக்கும்போது தனியாக எதற்கு முகூர்த்தம்?

"அம்மு, நீலக்கல்லு வேணுமா?"

"அம்மா யெஸ் சொன்னாங்களா?"

"அம்மாவுக்கு சர்ப்ரைஸ்."

நான்தான் அப்பாவா என்று அந்த அம்மாள் கேட்டாள். தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் பாடு. பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கச் சொன்னாள், மாட்டேன் என்றேன். நாற்காலியில் நான் உட்கார்ந்து அம்முவை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை கொஞ்சம் அழுதாள். எல்லாப் பிள்ளையும் அழும். முதல் காதுக்குப் பிறகு "வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா" என்று திமிறினாள். அந்த அம்மாள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு காதோடு விட முடியுமா? கையையும் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். குடித்த ஜூஸ் எல்லாம் என் சட்டையில் வந்துவிட்டது. நான் அழவில்லை.

அம்முவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சுடர் வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிமென்ட் தரை அந்த வெயிலில் எப்படிக் கொதிக்கும், உட்கார்ந்தே இருந்தாள்.

"கழட்டிருவோமா?" என்றேன்.

"கழட்டுனா ஓட்டை போயிருமாண்ணே?"

ஜூன் 15, சனி

சுடர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் தள்ளி வைக்கிறாள். வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். நேரில் ஒப்படைக்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதுதான் நல்லது என்றாராம். இதையும் அம்முவிடம் சொல்வது போல என் காதில் போட்டாள்.

நடந்தது நடந்துவிட்டது. ஆனால் ஐயனாரிடம் நான் சொன்னது தங்கம், நீலக்கல் இல்லை. பாதி வேண்டுதலில் விட்டால் அது பிள்ளைக்கு ஆகாது. காலையில் சுடர் கீழே ரொட்டி எடுக்கப் போயிருந்தபோது மாற்றினேன். வலது காது சுலபமாக ஏறியது. இடதில் துளை கிடைக்கவில்லை. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. ரத்தம் வந்ததால் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரண்டு காதிலும் அப்பினேன். இந்த முறை அம்மு சத்தமே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி.

தங்கம் போட்டதும் முகமே மாறிவிட்டது. எங்கள் அம்மா சாயல். படம் எடுத்து கோமதிக்கு அனுப்பினேன். சித்தியிலிருந்து எல்லாரும் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

மதியம் சிமென்ட் டைனோசர் பூங்கா. அம்மு காரை விட்டு இறங்கவில்லை. சுடர் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு டைனோசர் முன்னாலும் நின்றாள். பிள்ளை தோளில் சாய்ந்தே கிடந்தாள். இன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் உடம்பு சுட்டது. வெயில்தான் என்றேன். இடது காது வீங்கிச் சிவந்திருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் கண் விழித்ததும் சுடர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டது. இடது காதில் சீழ் எடுத்து, தங்கத்தைக் கழற்றி, மருந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். கம்மலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

காருக்கு வந்ததும் மூன்று நாளில் முதல் முறையாக என் முகம் பார்த்துப் பேசினாள்.

"யாரு குத்துனது, யாரு மாத்துனதுன்னு டாக்டர் கேட்டாருண்ணே. நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன் தாயி? என்னைச் சொல்ல வேண்டியதுதான?"

"அப்பான்னு சொல்லிப் பிள்ளைய அமுக்கிப் பிடிச்சிருக்க, அம்மு சொன்னா. இங்க அதுக்குப் பேரு வேற. போலீசுக்கு எழுதுவாங்க. நீ விசாவுல வந்த ஆளு. உன்னைய உள்ள வச்சா நான் எங்க போயி நிப்பேன்?" அப்புறம் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மு, மாமா பண்ணாங்கன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா மாமாவ போலீஸ் பிடிச்சிரும். சரியா?"

அம்மு தலையாட்டினாள்.

மறுத்துப் பேசியிருக்க வேண்டும். போலீஸ் என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

மாப்பிள்ளை வரச் சொன்ன இடம் ஒரு ஹோட்டல் வாசல். இரண்டு மாடி உயரத்துக்கு ஒற்றைக் கால் பூட்ஸ் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே படிக்கட்டு. அம்முவுக்குப் பிடிக்கும் என்று இங்கே வைத்தாராம். ஆள் இளைத்திருக்கிறார். "வாங்க மச்சான், நல்லா இருக்கீங்களா? ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிள்ளையைத் தூக்கினார். காதுக் கட்டைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நான்தான் குத்துனேன்" என்றாள் சுடர். "கொஞ்சம் புண்ணாயிருச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். மாத்திரை பையில இருக்கு."

அவர் சுடரையே பார்த்தார். "நீ சொல்லாம செய்யிற ஆளில்லையே." என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க சொல்லுங்க. நீங்க செஞ்சதுன்னா அது வேற விஷயம். ஊர்ப் பழக்கம், ஆசையில செஞ்சிட்டீங்க, நான் விட்டுடுவேன். யாரு குத்துனது?"

பொறி வைக்கிறாரா, மனசாரக் கேட்கிறாரா? எனக்கு எப்படித் தெரியும்? சுடர் அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சுடர்தான்" என்றேன்.

"இல்ல, மாமா..." என்று அம்மு வாயெடுத்தாள். சுடர் அவளை அவர் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்து முகத்தை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்குப் பிரிய முடியாமல் கட்டிப்பிடித்த மாதிரி இருந்திருக்கும். பிரிய முடியாமல் இருந்ததும் உண்மைதான்.

அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பூட்ஸ் மேல் யாரும் ஏறவில்லை.

ஜூன் 17, திங்கள். பீனிக்ஸ்

எங்கேயும் நிற்காமல் வந்தோம். பெட்ரோலுக்கு ஒரு முறை நின்றதோடு சரி. வழியில் சுடர் கேட்டாள், "அவரு விட்டுருவேன்னு சொன்னத நம்பியிருக்கலாமோ?" என்று. நம்ப முடியுமா என்றேன். அவளும் முடியாது என்றாள்.

துணி துவைத்துப் போட்டேன். சட்டையில் ஜூஸ் கறை போகவில்லை.

சாயங்காலம் சுடர் சமையலறையில் இருந்தபோது மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். பின்வாசலுக்குப் போய் எடுத்தேன்.

"அம்மு சொல்லிட்டா மச்சான். மடியில வச்சது, கையப் பிடிச்சது, அவ அழுதப்ப நீங்களும் அழுதது, எல்லாம்."

பின்கதவைச் சாத்தினேன்.

"எங்க மாமா மடியில வச்சுத்தான் எனக்கும் குத்துனாங்க. நேத்து நிஜமாத்தான் கேட்டேன். நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா கோபப்பட்டுட்டு விட்டிருப்பேன்."

"மாப்ள, எல்லாம் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கோர்ட்ல வந்து நானே சொல்றேன்."

"காது ஆறிடும் மச்சான். அது இல்ல. நான் சொன்னா மாமாவ போலீஸ் பிடிச்சிருமாப்பான்னு கேட்டு நேத்து தூங்கவே இல்ல பொண்ணு. உண்மையச் சொல்லக் கூடாதுன்னு அவ அம்மா சொல்லிக் கொடுத்திருக்கா. டாக்டர்கிட்டயும் பொய், எங்கிட்டயும் பொய். இத நான் ஜட்ஜ்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நீங்க வந்து சொன்னா அவ பொய் சொன்னது உறுதியாகும், அவ்வளவுதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன செய்யலாம் மாப்ள, நீங்களே ஒரு வழி சொல்லுங்க என்று கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே வந்தேன். யாரு போன்ல என்று சுடர் கேட்டாள். கோமதி என்றேன்.

"நல்லவேளைண்ணே, உன் பேரு வெளிய வரல. என் மேல வந்தது வரட்டும், ஒரு காதுதான, வக்கீல் சமாளிச்சிருவாங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். சொல்ல வாயெடுத்தேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். வைத்தேன்.